படியெடுத்தலும் பாடாந்தரமும்: தைலவர்ண ஓவியக் கல்வி குறித்த ஒரு நோக்கு

ஓர் ஓவியத்தைப் பற்றி 'இது பிறிதொன்றின் படி' என்று சொல்லிவிட்டால், அதன்பின் அதனைக் குறித்துப் பேச எதுவுமில்லை என்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட எண்ணமாகும். 'படி' என்னும் சொல்லே குற்றச்சாட்டாகவும் தீர்ப்பாகவும் அமைந்துவிடுகிறது. இசையில் நிலைமை நேர்மாறானது. ஒரு மாணவி தன் ஆசிரியரிடம் கேட்ட கீர்த்தனையை, ஒரு சங்கதிகூடக் குறையாமலும் மிகாமலும், கேட்டவாறே பாடுவாளாயின், அவளது பாடாந்தரம் சுத்தமானதெனச் சபையோர் தலையசைப்பர். அவளோடு ஒத்த வயதினளான இன்னொருத்தி, முன்னோர் ஒருவரின் ஓவியத்தைக் கோடு பிசகாமல், நிறம் மாறாமல் தீட்டிக் கொணர்ந்தால், சொந்தமாகச் செய்ய ஒன்றுமில்லையா என்னும் வினாவையே எதிர்கொள்வாள். கேட்டதைப் பாடுவது கல்வி; கண்டதைத் தீட்டுவது களவு. இவ்வாறான இரட்டை அளவுகோல் ஒன்று எங்ஙனம் உருவாயிற்று என்பது ஆராயத்தக்கது.

இவ்விரு அளவுகோல்களும் ஒரே வளவினுள் அருகருகே வழங்கிவரும் இடம் மருதனார்மடம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 ஆம் ஆண்டில் பெண்களுக்கென இங்கு ஒரு கல்லூரியை நிறுவினார். அவருடைய மருமகனார் சு. நடேசபிள்ளையின் முயற்சியால் 1960 இல் இங்கு இசைக்கென ஒரு கழகம் தோன்றியது. மகாராஜபுரம் சந்தானம் போன்ற தமிழகத்து வித்துவான்கள் கடல்கடந்து வந்து இதன் தலைமைப் பொறுப்பை ஏற்றனர். 1975 இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்துடன் இணைக்கப்பட்டு இராமநாதன் நுண்கலைக் கழகம் எனப் பெயர்பெற்றது. சித்திரமும் வடிவமைப்பும் என்னும் துறை இங்கு வந்து சேர்ந்தது மிகப் பிற்பட்ட காலத்திலேயே. எனவே மருதனார்மடத்தில் ஓவியம் இளைய பிள்ளை. மூத்த பிள்ளையான இசை, தான் கற்கப்படும் முறை பற்றி எவ்விதக் கூச்சமும் அடைவதில்லை. சரளி வரிசையிலிருந்து கீதம், வர்ணம், கீர்த்தனை எனப் படிப்படியாய், கேட்டுத் திருப்பிச் சொல்லலே அதன் வழி. இளைய பிள்ளைக்கோ அத்தகைய ஒழுங்கான வழி எதுவென்பதில் இன்னும் தெளிவில்லை.

தைலவர்ணத்தைப் பொறுத்தவரை இத்தெளிவின்மை பெருந்தீங்கு விளைவிப்பது. நீர்வர்ணத்தையும் போஸ்டர் வர்ணத்தையும் பாடசாலையிற் கையாண்டு பழகிய மாணவர், தைலவர்ணத்தையும் அவற்றின் தடித்த உறவாகவே கருதித் தொடங்குகின்றனர். உண்மையில் அஃது அடிப்படையிலேயே வேறானது. நீர்வர்ணம் நீர் ஆவியாதலால் உலர்கிறது. ஆளிவிதை எண்ணெயோ ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று மெல்ல மெல்ல இறுகுகிறது. மேற்பரப்புக் கையில் ஒட்டாத நிலையை அடையச் சில நாட்களும், உட்பகுதி முற்றாக இறுகப் பல மாதங்களும் செல்லும். (நம்மவர் அடுக்களையில் உள்ள தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் இதற்கு உதவாமைக்குக் காரணமும் இதுவே. தேங்காயெண்ணெய் எத்தனை காலம் காத்திருந்தாலும் இறுகாது.) ஆகவே, கீழே இடும் படை எண்ணெய் குறைந்ததாயும் மேலே இடும் படை எண்ணெய் மிகுந்ததாயும் இருத்தல் வேண்டும். இவ்வொழுங்கு தவறினால் மேற்படை முந்தி இறுக, கீழ்ப்படை பிந்தி அசைய, ஓவியம் வெடிக்கும். இத்தகைய அறிவைச் சுயவெளிப்பாடு என்னும் ஒன்றைமட்டும் நம்பிப் பெறமுடியாது. முன்னோர் செய்ததைத் தன் கையாற் செய்துபார்த்தே பெறமுடியும். மேனாட்டு ஓவியர் பலர் நூற்றாண்டுக் கணக்காகப் பிறர் ஓவியங்களின் முன் அமர்ந்து படியெடுத்ததன் நியாயம் இதுவே.

அங்ஙனமாயின் எதைப் படியெடுப்பது? மனோரதியக் காலத்து வரலாற்றோவியம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் மாணவியின் தெரிவு முதற்பார்வையில் வியப்பளிக்கலாம். யாழ்ப்பாணத்துக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பரிசுக்கும் என்ன தொடர்பு? ஆயினும் இத்தெரிவுக்கு நல்ல காரணங்கள் உள. தியோடோர் ஜெரிக்கோ 1819 இல் காட்சிப்படுத்திய 'மெடூசாவின் தெப்பம்' என்னும் ஓவியத்தை எடுத்துக்கொள்ளலாம்.

1816 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மெடூசா என்னும் பிரெஞ்சுக் கப்பல் ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் தரைதட்டியது. திறமையாலன்றி அரச விசுவாசத்தால் பதவி பெற்றவர் அதன் தலைவர். படகுகளில் இடம் போதாமையால் 147 பேர் அவசரமாகக் கட்டப்பட்ட ஒரு தெப்பத்தில் ஏற்றப்பட்டு, பின் கைவிடப்பட்டனர். பதின்மூன்று நாட்களின் பின் ஆர்கஸ் என்னும் கப்பல் அவர்களைக் கண்டபோது பதினைவரே எஞ்சியிருந்தனர். இதனையே ஜெரிக்கோ தீட்டினார். அதுகாறும் வரலாற்றோவியம் என்பது அரசர், தளபதியர், புனிதர், தேவர் ஆகியோருக்குரியதாக இருந்தது. அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட பேரளவினை, மூன்றாண்டுகளின் முன் செய்தித்தாளில் வந்த, பெயரறியாத மனிதரின் துயருக்கு அவர் வழங்கினார். ஆட்சியாளரை உறுத்தாதிருத்தற்பொருட்டு, கண்காட்சியில் அது 'கப்பற்சேதக் காட்சி' என்னும் பொதுப்பெயரையே தாங்கியிருந்தது. கூர்நுனிக் கோபுரம்போல் எழும் உடல்களின் உச்சியில் துணியை வீசிநிற்பவர் ஒரு கறுப்பினத்தவர். மீட்கவரும் கப்பலோ தொடுவானில் ஒரு புள்ளி. கடலையும் தெப்பத்தையும் கட்டுமரத்தையும் அறிந்த ஒரு குடாநாட்டில் இவ்வோவியம் அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

எனவே குறை தெரிவில் இல்லை. படியெடுக்கும் முறையிலேயே உள்ளது. லூவர் மாளிகையிலுள்ள மூல ஓவியம் 4.91 மீற்றர் உயரமும் 7.16 மீற்றர் அகலமும் கொண்டது. அதிலுள்ள உருவங்கள் மெய்யளவினவாகவும் சில அதனின் மிக்கனவாகவும் அமைந்தவை. ஒரு நூலில் அச்சிடப்பட்ட படம் இருபது சென்ரிமீற்றர் அகலமுடையதெனக் கொண்டால், அது மூலத்தின் முப்பத்தாறில் ஒரு பங்கு. அதில் ஒரு முகம் ஏறத்தாழ ஏழு மில்லிமீற்றர். ஓர் உளுந்து மணியைவிடச் சற்றே பெரிது. மாணவி இதனை இரண்டடிக்கு மூன்றடிக் கன்வஸில் தீட்டும்போது நாலரை மடங்கு பெருப்பிக்கிறாள். ஆயினும் மூலத்தின் எட்டிலொரு பங்கையே அடைகிறாள். நூற்படத்தில் இல்லாத நுணுக்கங்களை அவள் தன் ஊகத்தால் நிரப்பவேண்டியவளாகிறாள். மூலத்தில் தோளளவு அசைவால் இழுக்கப்பட்ட தூரிகைத் தீற்று, அவள் கையில் விரல்நுனி அசைவாகச் சுருங்குகிறது. படியெடுத்தலின் முதற்பயனே கையசைவைக் கற்றல் ஆகும். அப்பயன் இங்கு தொடங்குமுன்னரே இழக்கப்பட்டுவிடுகிறது.

நிறத்தின் நிலை இதனினும் மோசமானது. 'தெப்பம்' இன்று பெரிதும் இருண்டுவிட்டது. உலர்தலை விரைவுபடுத்தச் சேர்த்த பொருள்களும் பிட்டுமின் என்னும் தார்வகை வர்ணமும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அதன் கேடு முற்றுமுன்னர், 1859–60 இல் கில்மே, ரோஞ்சா என்னும் இரு ஓவியர் அதனை முழு அளவிற் படியெடுத்தனர். பிரான்சின் அமியன் நகர அருங்காட்சியகத்தில் அப்படி இன்றும் உள்ளது. படி என்றாலே இழிவெனக் கருதுவோர் இச்செய்தியை மனங்கொள்ளுதல் நன்று. மூலம் அழியும்போது அது முன்னிருந்த நிலைக்குப் படியே சாட்சியாகின்றது. இனி, நம் மாணவி தன் முன்னுள்ள அச்சுப்படத்தின் மண்ணிற இருளைக் கண்டு, அதுவே மனோரதியத்தின் உணர்ச்சி ஆழமென மயங்கி, கன்வஸ் முழுவதையும் மண்ணிறத்தால் நனைத்துத் தொடங்குகிறாள் எனின், ஓவியனின் எண்ணத்தை விட்டு ஓவியத்தின் நோயைப் படியெடுத்தவளாகிறாள். அச்சு மை தன் பங்குக்குச் சேர்க்கும் இருள் வேறு.

இங்குக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. பழைய ஓவியங்களைப் படியெடுக்கக் கற்பிப்போர் வழக்கமாக, முதலில் மண்ணிறத்தில் ஒளியும் நிழலும் பிரித்து அடிப்படை இட்டு, அதன்மேல் நிறப்படைகளை ஏற்றச் சொல்வர். பொதுவாக அது நன்முறையே. ஆனால் ஜெரிக்கோ 'தெப்பத்தை' அவ்வாறு தீட்டவில்லை. அவர் தொழில் செய்வதை உடனிருந்து கண்ட மொன்போர் என்னும் இளம் ஓவியர் விட்டுச்சென்ற குறிப்புகளின்படி, வெள்ளைக் கன்வஸில் உருவங்களின் எல்லைக்கோடுகளை மட்டும் உறுதியாக வரைந்துகொண்டு, அடிப்படை எதுவுமின்றி, ஓர் உருவத்தை முடித்து மற்றதற்குச் செல்லும் வகையில் அவர் தீட்டினார். விரைவில் இறுகும் எண்ணெயைப் பயன்படுத்தியமையால் அன்றன்று தொடங்கிய பகுதியை அன்றன்றே முடிக்கவேண்டியவராகவும் இருந்தார். ஓவியத்தைப் பார்த்தமாத்திரத்தில் இஃது எவருக்கும் தோன்றாது. முடிந்த ஓவியம் தான் ஆக்கப்பட்ட ஒழுங்கினை மறைத்துவிடுகிறது. தைலவர்ணத்தைக் கற்க விழையும் ஒருத்திக்குத் தேவைப்படுவதோ அவ்வொழுங்கே. கீர்த்தனையின் எழுத்துப்படியைப் பார்த்துச் சாகித்தியத்தை மனனஞ் செய்தவள் அதனைப் பாடக் கற்றவளாகாள். ஆசிரியரின் குரல் எங்கு மூச்செடுத்தது என்பதை அவள் கேட்டிருத்தல் வேண்டும்.

மேற்கூறிய மறைபொருளுக்காக ஏங்கியோர் நம் அயலிலும் இருந்துள்ளனர். இரவிவர்மாவின் (1848–1906) கல்வி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1862 இல் சிறுவனாகத் திருவனந்தபுரம் அரண்மனையை அடைந்த அவர், அங்கு ஓவியராயிருந்த மதுரை இராமசாமி நாயக்கரிடம் தைலவர்ணத்தைக் கற்க விரும்பினார். நாயக்கர் அதனைப் போட்டியெனக் கருதி மறுத்தார். நாயக்கரின் கீழ்ப் பயின்ற ஆறுமுகம்பிள்ளை என்பவரே ஒளிவுமறைவாக இரவிவர்மாவுக்குச் சிலவற்றைச் சொல்லிக்கொடுத்தார் என அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1868 இல் தியோடோர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய உருவப்பட ஓவியர் வந்தபோதும் கற்பித்தல் மறுக்கப்பட்டது. தீட்டும்போது பார்த்துக்கொண்டிருக்க மட்டும் இசைவு கிடைத்தது. ஏனையவற்றை அரண்மனையிலிருந்த ஐரோப்பிய ஓவியங்களின் அச்சுப்படங்களைக் கொண்டு அவர் தாமே பயின்றார்.

இரவிவர்மாவின் சாதனையும் குறைபாடும் இக்கல்விமுறையிலிருந்தே பிறந்தன எனலாம். ஜென்சனின் கையைப் பார்த்துக் கற்றவை சேலையின் சரிகையிலும், பெண்ணின் மேனியிலும், நகையின் ஒளியிலும் உயிர்பெற்று நிற்கின்றன. அப்பகுதிகளில் அவரை விஞ்சியவர் அக்காலத்து இந்தியாவில் அரியர். அச்சுப்படங்களைப் பார்த்துக் கற்றவையோ அவருடைய புராண ஓவியங்களின் அமைப்பில் வெளிப்படுகின்றன. கை விரித்தலும், கண் மேல்நோக்கலும், திரைச்சீலை தொங்கலும் ஐரோப்பிய நாடக மேடையின் அசைவுகளாகவே உள்ளன. 1894 இல் அவர் பம்பாயில் நிறுவிய அச்சகத்தின் வழியாகவும், அதனைப் பின்பற்றிய நாட்காட்டிகளின் வழியாகவும் அவ்வசைவுகள் தெய்வங்களின் இயல்பான அசைவுகளாகி, யாழ்ப்பாணத்து வீடுகளின் சுவாமி அறை வரை வந்து சேர்ந்தன. படியின் படியைப் படியெடுத்துக் கடவுளர் முகம் நிலைபெற்றமை ஒரு விந்தையே.

இரவிவர்மாவைக் கடுமையாகக் கண்டித்தோருள் முதன்மையானவர் ஆனந்த குமாரசுவாமி (1877–1947). மருதனார்மடக் கல்லூரியை நிறுவிய இராமநாதனின் தாய்மாமனாரான சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் அவர். இரவிவர்மாவின் தேவர்களில் நாடகத்தன்மையும் கற்பனை வறுமையுமே உள்ளன என்பது அவர் கருத்து. ஐரோப்பிய முறையைக் கடன்வாங்கியமையே இதற்குக் காரணமென அவர் கருதினார். இக்கண்டனத்தின் முற்பகுதி ஏற்கத்தக்கது. பிற்பகுதி மறுபரிசீலனைக்குரியது. கடன்வாங்கியது குறையன்று; கடன் அரைகுறையாகக் கிடைத்ததே குறை. நாயக்கர் வாய்திறந்திருந்தால், ஜென்சன் கைப்பிடித்துக் கற்பித்திருந்தால், மேடை அசைவுகளை ஐரோப்பியரே எங்ஙனம் ஆக்கினர், எங்ஙனம் உடைத்தனர் என்பதை இரவிவர்மா அறிந்திருப்பார். ஜெரிக்கோ போன்றோர் அம்மேடையை ஏற்கெனவே உடைத்துவிட்டிருந்தனர் என்பது திருவனந்தபுரத்துக்கு எட்டியதாகத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்துத் தைலவர்ண வரலாறு இதனினும் மெலிந்தது. பாடசாலை மண்டபங்களில் நிறுவுநரின் உருவப்படங்கள் தொங்குகின்றன. அவற்றுட் பல புகைப்படத்தைப் பார்த்துத் தீட்டப்பட்டவை. எஸ். ஆர். கனகசபை 1938 இல் வின்சர் கலைக்கழகத்தை நிறுவியபோது இங்கு ஓவியம் ஒரு புதுத்திசையை நாடியது. இலங்கைப் பாடசாலைகளின் சித்திரக் கல்விக்குப் பொறுப்பாயிருந்த வின்சரின் பெயரையே கழகம் தாங்கிற்று. பின்வந்தோருள் அ. மாற்கு (1933–2000) பல ஊடகங்களைக் கையாண்டு, பல மாணவரை ஆக்கிச் சென்றவர். எனினும் மேனாட்டுப் பழைய தைலவர்ண ஓவியங்களின் முன் அமர்ந்து படியெடுக்கும் வாய்ப்பு இங்கிருந்த எவருக்கும் எளிதில் வாய்த்ததில்லை. அத்தகைய அருங்காட்சியகம் இங்கு இல்லை. தைலவர்ணத்தின் மேற்பரப்பை நேரிற் காண விரும்புவோர் கொழும்புக்குச் சென்று, '43 குழுவினரின் ஓவியங்கள் உள்ள, ஹரி பீரிசின் இல்லமாயிருந்த சபுமால் நிலையத்தைப் பார்க்கலாம். அங்குள்ளவை மனோரதிய ஓவியங்கள் அல்ல. ஆயினும் வர்ணம் கன்வஸில் எத்துணைத் தடிப்பாக நிற்கும், ஒளி அதிற் பட்டு எவ்வாறு திரும்பும் என்பவற்றை எந்த நூலும் எந்தக் கணினித்திரையும் அவைபோற் காட்டமாட்டா.

மூலத்தைக் காணாதவர் படியெடுத்தலாகாது என்று இதனால் முடிவுகட்டுதல் தவறு. ஏனெனில் அவ்வாறு செய்து வென்றவர் ஒருவர் உளர். 1889 ஆம் ஆண்டு செப்ரெம்பரில், சென் றெமி மனநல விடுதியில் இருந்த வின்சென்ட் வான்கோ, டெலக்குருவாவின் 'பியெற்றா' ஓவியத்தைத் தீட்டினார். மூலம் அவரெதிரில் இல்லை. இருந்தது நந்தோய் என்பவர் கல்லச்சிற் செய்த கறுப்பு வெள்ளைப் படம். அதுவும் இடம் வலமாகத் திரும்பியது. போதாக்குறைக்கு அது எண்ணெயிலும் வர்ணத்திலும் வீழ்ந்து கெட்டும்விட்டது. மருதனார்மடத்து மாணவியின் நிலை இதனை நோக்க எவ்வளவோ மேல். நிறமே இல்லாத அப்படத்தை வான்கோ இசைக்குறிப்பாகக் கொண்டார். பீத்தோவன் இயற்றியதை வேறொருவர் வாசிக்கும்போது அதனைக் களவென்று யாரும் சொல்வதில்லை. வாசிப்பவர் தம் பொருளையும் அதனுட் சேர்க்கிறார். ஓவியத்தில் மட்டும் இயற்றியவரே வாசிக்கவேண்டும் என்பது ஏன், என்னும் கருத்துப்பட அவர் அந்நாட்களில் தம் தம்பிக்கு எழுதினார். கறுப்பும் வெள்ளையும் அவருக்குச் சாகித்தியம். நீலமும் மஞ்சளும் அவர் இட்ட நிரவல்.

வான்கோவின் இவ்வுவமை ஐரோப்பாவில் ஒரு புதுமை. மருதனார்மடத்திலோ அது நாளாந்த வழக்கம். கருநாடக இசையில் பாடாந்தரத்துக்கும் மனோதர்மத்துக்கும் இடையே பகை இல்லை. முன்னையதில் ஊறியவரிடமே பின்னையது எதிர்பார்க்கப்படுகிறது. சித்திரக் கல்வியின் இடர்ப்பாடு யாதெனில், இவ்விரண்டனுள் ஒன்றை ஏற்றால் மற்றதைக் கைவிடவேண்டும் என்னும் மயக்கமே. ஒருசாரார் படியெடுத்தலோடு நின்று, மூலத்தோடு ஒத்திருத்தலையே வெற்றியெனக் கொள்வர். மறுசாரார் முதல்நாளே மனோதர்மம் கேட்பர். பின்னவர் கூற்று முற்போக்கானதுபோலத் தோன்றினும், சரளி வரிசை பாடாத பிள்ளையிடம் இராக ஆலாபனை கேட்பதற்கு ஒப்பானது.

எடுவார் மனே என்னும் ஓவியரின் இரு படிகள் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கன. டெலக்குருவா 1822 இல் காட்சிப்படுத்திய 'தாந்தேயின் படகு' என்னும் ஓவியத்தை மனே தம் இளமையில் இருமுறை படியெடுத்தார். லியோன் நகரிலுள்ள படி மூலத்தை நெருங்கிப் பின்பற்றுவது. நியூயோர்க்கிலுள்ள மற்றது, உருவங்களின் விளிம்பை விட்டுவிட்டு நிறத்திட்டுகளை மட்டும் தளர்ந்த தூரிகையாற் பற்றிக்கொள்வது. இரண்டனுள் எது சிறந்தது என்ற கேள்வி பொருளற்றது. ஆயினும் பின்னாளில் மனே என அறியப்பட்டவரை இரண்டாம் படியிலேயே காணமுடிகிறது. மாணவர் ஒரே ஓவியத்தை ஒருமுறை மட்டும் படியெடுத்து, சட்டமிட்டு, கண்காட்சியில் தொங்கவிட்டு முடித்துக்கொள்ளும் வழக்கம் விரும்பத்தக்கதன்று. முதற்படி மாட்டுவதற்குரியதே அன்று, அது சாதகம்.

இனி அளவு பற்றி முன்னர் கூறியவற்றுக்கு ஒரு தீர்வு உண்டு. முழு ஓவியத்தையும் எட்டிலொன்றாகச் சுருக்குவதைவிட, அதன் ஒரு சிறுபகுதியை மெய்யளவில் எடுத்தல் மேல். 'தெப்பத்தின்' இடப்பக்கக் கீழ்ப்புறத்தில் ஒரு முதியவர், இறந்துகிடக்கும் இளைஞனைத் தாங்கியவாறு இருக்கிறார். எல்லோரும் கப்பலை நோக்க, அவர் மட்டும் புறங்காட்டி இருக்கிறார். இறந்த உடல்மீது படிந்துள்ள அவரது கை ஒன்றை மட்டும் இரண்டடிக்கு மூன்றடிக் கன்வஸிலே தாராளமாகத் தீட்டலாம். பெரிதாக்கிப் பார்க்கத்தக்க படிமங்கள் இன்று கணினியில் கிடைக்கின்றன. திரை ஒளி உமிழ்வது, வர்ணம் ஒளி ஏற்பது என்னும் வேறுபாட்டை மறவாதிருந்தாற் போதும். ஜெரிக்கோவின் வர்ணத்தட்டில் பெரும்பாலானவை காவியும் மஞ்சட்காவியும் சுட்ட மண்ணும் ஆகிய மண்வர்ணங்கள். உயிருள்ள கைக்கும் உயிரற்ற மேனிக்கும் இடையிலான வேறுபாட்டை அச்சில மண்களைக் கொண்டே அவர் காட்டினார். இரும்பு ஒட்சைட்டினால் சிவந்த அம்மண்ணின் இனமே மருதனார்மடத்துத் தோட்டங்களிலும் பரந்துகிடக்கிறது. உயிருள்ள கையின் வெம்மையும் இறந்த மார்பின் குளிர்மையும் சந்திக்கும் அந்த ஓரங்குல விளிம்பை மூன்றுமுறை சுரண்டி நான்காம் முறை சரியாக இட்டவள், தைலவர்ணத்தைப் பற்றி அறியவேண்டியதிற் பெரும்பகுதியை அறிந்தவளாவாள்.

இத்துணையும் கைத்தொழில் பற்றியது. வரலாற்றோவியம் என்னும் சொல்லிலுள்ள வரலாறு பற்றிய வினா எஞ்சிநிற்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்தி பிரெஞ்சுக் கப்பலின் துயரைத் தீட்டும்போது, அத்துயர் எளிதில் ஓர் அலங்காரமாகிவிடக்கூடும். பிறர் அழுகையின் பாவனையைக் கடன்வாங்கித் தன் அழுகைக்கு அணிவித்தல் இரவிவர்மாவின் தேவர்களுக்கு நேர்ந்த அதே விபத்தேயாகும். 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள், மருதனார்மடத்தவர் உட்பட, ஒரே இரவில் வீடுகளை விட்டுச் செம்மணி வழியாகவும் நாவற்குழிப் பாலத்தின் வழியாகவும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தனர். மழையில், இருளில், இருபுறமும் நீர் சூழ்ந்த ஒடுங்கிய வீதியில் இலட்சக்கணக்கானோர் அடிமேல் அடிவைத்து நகர்ந்தனர். அந்நிகழ்வைத் தீட்டவிழையும் ஒருவர், கோபுரம்போல் எழும் உடற்குவியலையும் உச்சியில் வீசப்படும் துணியையும் அப்படியே பெயர்த்து நாவற்குழிப் பாலத்தில் வைப்பாராயின், அது பொய்யாகும். அவ்விரவில் எவரும் துணி வீசவில்லை. வீசுதற்குரிய கப்பலும் தொடுவானில் இல்லை. அக்கூட்டம் கோபுரமாக எழவில்லை. நீண்ட கிடையான கோடாக ஊர்ந்தது. ஜெரிக்கோவின் அமைப்பு அதற்குப் பொருந்தாது.

பொருந்துவது அவர் செய்த வேலை. உயிர்தப்பியோரை அவர் தேடிக் கண்டு கேட்டார். மெடூசாவின் தச்சரைக் கொண்டு தெப்பத்தின் சிற்றுரு ஒன்றைச் செய்வித்தார். வைத்தியசாலைக்குச் சென்று நோயாளரின் முகங்களையும் இறந்தோரின் உறுப்புகளையும் வரைந்தார். எத்தருணத்தைத் தீட்டுவது என்பதைத் தீர்மானிக்கப் பல வரைவுகளைச் செய்து கைவிட்டார். இவை எவையும் அச்சுப்படத்தில் தெரிவதில்லை, ஆயினும் படியெடுக்கத்தக்கன. அவ்விரவில் நடந்தவர்கள் இன்னும் மருதனார்மடத்திலும் சுன்னாகத்திலும் இணுவிலிலும் வாழ்கிறார்கள். எதனை எடுத்துச்சென்றோம், எதனை வழியிற் போட்டோம் என்பதை அவர்கள் சொல்லக்கூடியவர்கள். பலர் துவிச்சக்கரவண்டியில் மூட்டைகளைக் கட்டி உருட்டிச்சென்றனர்; சுமை மிகுந்தமையால் ஏறி மிதிக்க முடியவில்லை. அவர்களுள் ஒருவரை இருத்தி, அன்று பிடித்தவாறே வண்டியைப் பிடிக்கச் சொல்லி, ஈரமான கைபிடியைப் பற்றிய விரல்களைத் தீட்டத் தொடங்கலாம். முதியவரின் கைக்குப் பயன்பட்ட அதே இரண்டடிக்கு மூன்றடி அளவு இக்கைக்கும் போதும்.